கடல் கடந்து கற்பது: சேலம், நாமக்கல் வணிக மாணவரின் கல்விப் பயணம் குறித்து

சேலம் நகரத்திலிருந்து தெற்கே இராசிபுரம் வழியாக நாமக்கல் வரையிலும், தென்மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு வழியாகக் காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம் வரையிலும் விரிந்து கிடக்கும் சமவெளியில், வானத்தை நம்பிப் பயிர் செய்து பிழைப்பது எந்தக் காலத்திலும் சுலபமான காரியமாக இருந்ததில்லை. அந்த நிர்ப்பந்தமே இப்பிரதேசத்து மக்களை வியாபாரத்திலும் பட்டறைத் தொழிலிலும் இறக்கிவிட்டது என்று சொல்லலாம். சேலத்தைச் சுற்றித் தறியும் சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலையும், நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் லுங்கியும் துண்டும் நெய்யும் விசைத்தறியும் இப்படித் தோன்றி வளர்ந்தவையே. இத்தகைய குடும்பங்களில் பிறந்து, பட்டறைச் சத்தத்தைக் கேட்டும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தும் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இவ்வட்டாரத்துக் கல்லூரிகளில் வணிக நிர்வாகம் பயில்கிறார்கள். அவர்களில் வசதியுள்ளவர்கள் படிப்பின் இடையே ஒரு வாரமோ பத்து நாளோ சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய் என்று கல்விப் பயணம் சென்று வருகிறார்கள்.

ஒரு துறைமுகம், ஒரு தொழிற்சாலை, ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, பிறகு கடைவீதி, கடற்கரை, எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம்: மாணவர் பேச்சில் 'ஐ.வி.' என்று சுருங்கிவிட்ட இந்தத் தொழிற்கூடப் பார்வை, கடல் கடந்து போகும்போதும் பெரும்பாலும் இவ்வளவில்தான் அமைகிறது. திரும்பி வந்து எழுதும் அறிக்கைகளில் பார்வை விசாலமாயிற்று என்றும், தன்னம்பிக்கை வளர்ந்தது என்றும், காலந்தவறாமையின் அருமை விளங்கிற்று என்றும் வாசகங்கள் தவறாமல் வருகின்றன. இவற்றைப் பொய் என்று தள்ளுவதற்கில்லை; ஆயினும் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடக்கூடிய இந்த வாசகங்களுக்காகவா ஒரு தறிக்காரக் குடும்பம் தன் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

அக்கேள்விக்கு விடை காண, வெளிநாட்டு அனுபவம் இந்தச் சமவெளியின் தொழில் சரித்திரத்தில் எப்போது பலித்தது, எந்த நிலைமையில் பலித்தது என்று ஆராய்வதே தக்க வழி. அவ்வாறு ஆராய்ந்தால் புலப்படுவது இது: பயணத்தின் பயன் பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்பே நிர்ணயமாகிவிடுகிறது. சொந்த ஊர்த் தொழிலைப் பற்றிய தீராத கேள்வி ஒன்றை மனத்தில் சுமந்து செல்பவருக்கே அயல்நாடு வாய் திறக்கிறது. அது சொன்னதைத் திரும்பி வந்து செய்து பார்க்கக் கைத்திறன் படைத்தவர்கள் துணை நின்றால்தான், கண்டது தொழிலாக மாறுகிறது.

லீட்ஸிலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்கு

இவ்வட்டாரத்திலிருந்து மேல்நாடு சென்று படித்துத் திரும்பியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் டி. ஆர். சுந்தரம். 1907ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில், நெசவோடு தொடர்புடைய செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், இங்கிலாந்தில் கம்பளி நெசவுக்குப் பேர்போன யார்க்ஷயர் பிரதேசத்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று, நெசவுத் தொழில்நுட்பம் பயின்று பட்டம் பெற்றார். படித்த படிப்புக்கும் பிறந்த குலத் தொழிலுக்கும் ஏற்றபடி அவர் ஒரு நூற்பாலையோ நெசவாலையோ நிறுவியிருந்தால் யாரும் வியப்படைந்திருக்க மாட்டார்கள். அவரோ 1935இல், ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்தாபனத்தை நிறுவினார்.

தமிழ்ப் பேசும்படம் எடுக்க வேண்டுமானால் நடிகர் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏறுவது சாதாரணமாயிருந்த காலத்தில், சேலத்தில் ஒரே வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளம் முதல் படச்சுருள் கழுவும் கூடம் வரை அமைத்து, கலைஞர்களையும் தொழிலாளர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படத்துக்கு ஏற்பாடு செய்துவிடும் அந்த நிர்வாக முறை நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' (1938), அமெரிக்கக் கூட்டுறவுடன் எடுத்த 'தி ஜங்கிள்' (1952), முழுதும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அவ்வளாகத்தின் படைப்புகள். சுந்தரத்தின் கண்டிப்பையும் காலந்தவறாமையையும் பற்றி அங்கே வேலை செய்தவர்கள் ஒருமுகமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

லீட்ஸில் கற்ற தறி நுட்பத்தில் ஒரு துளியும் சினிமாவுக்கு நேராகப் பயன்பட்டிருக்க முடியாது. எனினும், ஒரு வாசலில் கச்சாப் பொருள் நுழைந்து மறு வாசலில் முடிந்த சரக்கு வெளியேறும் ஆலையின் ஒழுங்கு, சும்மா நிற்கும் ஒவ்வொரு மணியும் செலவுக் கணக்கில் ஏறும் என்ற உணர்வு, ஒரு வேலைக்காக அடுத்த வேலை காத்திருக்காதபடி வரிசைப்படுத்தும் சாமர்த்தியம் ஆகியவை அந்த ஊரின் காற்றிலேயே கலந்திருந்தவை; நெசவாலைக்கு உரிய இந்த ஒழுங்கையே அவர் படப்பிடிப்பு நிலையத்துக்குள் கொண்டுவந்து பொருத்தினார் என்று கருத இடமுண்டு. பொருளை ஓரிடத்தில் விட்டுவிட்டு, அதைச் செய்யும் முறையை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு தொழிலில் வைப்பது கற்றலின் உயர்ந்த படி. ஆனால் சுந்தரம் லீட்ஸில் தங்கிப் படித்தவர் என்பதையும், தறி வீட்டுப் பிள்ளையாகவே அங்கே போனவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. பத்து நாளில் இது சித்திக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே.

பினாங்கிலிருந்து வந்த ஜவ்வரிசி

இச்சமவெளியின் இரண்டாவது உதாரணத்தில் பயணம் செய்தவரும் பயன் கண்டவரும் வெவ்வேறு ஆட்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று; கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும் மலேயாவிலிருந்தும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி வரத்து நின்றது; மேல்நாட்டு மக்காச்சோள மாவுக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. வியாபார நிமித்தமாகக் கேரளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், அங்கே மிகுதியாக விளையும் மரவள்ளியின் மாவு இந்தத் தட்டுப்பாட்டை ஈடுசெய்யும் என்று கண்டார். பினாங்கிலிருந்து சேலத்துக்கு வந்து சேர்ந்திருந்த போபட்லால் ஷாவுக்கு மலேயாவில் கிழங்கு மாவையும் ஜவ்வரிசியையும் செய்யும் முறை தெரிந்திருந்தது. இவ்விருவரும் சேர்ந்து 1943இல் எளிய கைமுறையில் தொடங்கிய தொழிலுக்கு, வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இயந்திரங்களைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார் என்று சேகோ தொழிலின் சரித்திரம் கூறுகிறது.

சந்தையில் என்ன குறைகிறது என்று அறிந்திருந்த வியாபாரி, அந்தக் குறையை அயல்நாடு எப்படித் தீர்க்கிறது என்று கண்டிருந்த மனிதர், கண்டதைச் சேலத்து இரும்பிலும் சேலத்து மரத்திலும் செய்து காட்டிய தொழிலாளி ஆகிய இம்மூவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் காரியம் நடந்திராது. மலேயாவில் ஜவ்வரிசி செய்வதை எத்தனையோ ஆயிரம் தமிழர் நேரில் பார்த்திருப்பார்கள். பார்த்ததனால் மட்டும் ஊர் திரும்பி ஆலை வைத்தவர் யார்?

மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவைக் குலுக்கி மணிகளாக்கி, சூடான தகட்டில் வறுத்துக் களத்து வெயிலில் காயவைக்கும் அத்தொழில், ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் என்று பரவி, இவ்வட்டாரத்தின் பெருந்தொழிலாயிற்று. உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பினாங்கிலிருந்து வந்த ஒரு கைமுறை, எண்பது ஆண்டுகளில், வேறெந்த ஊரும் உரிமை கொண்டாட முடியாதபடி சேலத்தின் சொந்தப் பொருளாகிவிட்டதென்றால், அயல்நாட்டிலிருந்து கற்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி தேட வேண்டியதில்லை.

உலக அனுபவம் சொல்வது

இது சேலத்துக்கு மட்டும் உரிய விதியன்று. 1871 முதல் 1873 வரை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிய ஜப்பானின் இவாகுரா தூதுக்குழு, ஆலைகளையும் பள்ளிகளையும் சிறைகளையும் பார்வையிட்டுத் திரும்பியபின், கண்டதையெல்லாம் ஐந்து பாகங்களில் அச்சிட்டு, நாட்டில் படிக்கத் தெரிந்த எவரும் வாங்கிப் படிக்கும்படி 1878இல் வெளியிட்டது. சென்றவர் சிலரேயானாலும், கற்றவர் பலர். டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ 1956இல் அமெரிக்காவுக்குச் சென்று மோட்டார் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். ஆயினும் அவர் மனத்தைக் கவர்ந்தவை வாடிக்கையாளர் எடுத்த சரக்குக்கு ஈடாக மட்டும் அலமாரியை நிரப்பும் அந்நாட்டுப் பேரங்காடிகளே. தேவைப்பட்ட பொருளைத் தேவைப்பட்ட வேளையில் மட்டும் செய்யும் டொயோட்டா முறைக்கு அந்தப் பேரங்காடிகள் வழிகாட்டின என்பது பலரும் அறிந்த வரலாறு. 1940களின் பிற்பகுதியிலிருந்தே ஓனோவும் அவர் சகாக்களும் அவற்றைப் பற்றிக் கேட்டும் படித்தும் ஆராய்ந்து வந்தார்கள் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி. கேள்வி டொயோட்டா ஆலை இருந்த நாகோயாவுக்கு அருகே பிறந்தது. பயணம் அதை ஊர்ஜிதம் செய்தது.

நம் தேசத்திலும் விக்ரம் சாராபாய் தலைமையில் 1956இல் ஜப்பான் சென்ற உற்பத்தித்திறன் தூதுக்குழுவின் சிபாரிசை ஒட்டி 1958இல் தேசிய உற்பத்தித்திறன் குழு ஏற்பட்டது. இவையெல்லாம் முதிர்ந்தோரின் பயணங்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் மாணவரைப் பற்றிய ஆராய்ச்சியும் இதையே வேறு விதமாகச் சொல்லுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து வெளிநாடு சென்று படித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஜார்ஜ்டவுன் ஆய்வு, அயல் பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் திறன் வெறுமனே அங்கே தங்கியிருப்பதால் வளர்ந்துவிடுவதில்லை என்றும், கண்டதைப் பற்றி உடனிருந்து கேட்டு, யோசிக்க வைத்து, வழிகாட்டும் ஆசிரியர் வாய்த்தவர்களிடமே அது குறிப்பிடத்தக்க அளவில் வளர்கிறது என்றும் கண்டறிந்தது. மாதக்கணக்கில் தங்கியவர் நிலையே இதுவானால், பத்து நாள் பயணிக்கு வழிகாட்டியின் அவசியத்தைச் சொல்ல வேண்டுமோ?

மூன்று கேள்விகள், மூன்று தேசங்கள்

அப்படியானால் இச்சமவெளியின் மாணவர் எதைக் கேட்டுக்கொண்டு எங்கே போகலாம்? மூன்று உதாரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, விலை. சேகோசர்வ் சங்கத்தில் உறுப்பினரின் சரக்கு கிடங்கில் வைக்கப்பட்டு, வியாபாரிகள் தரும் ரகசிய டெண்டரின் மூலம் விற்பனையாகிறது. ஆலைக்கு வரும் கிழங்கின் விலையோ, மாவுச்சத்தை அளந்து, 'பாயிண்ட்டுக்கு இவ்வளவு ரூபாய்' என்று ஆலைக்காரருக்கும் குடியானவருக்கும் இடையே தீர்மானமாகிறது. நாமக்கல் முட்டையின் விலையை 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. அறிவித்த விலையிலிருந்து வியாபாரி குறைத்துக் கேட்கும் 'மைனஸ்' காசு பண்ணையாளரின் நீங்காத மனக்குறை. இவற்றை அறிந்த மாணவர் ஒருவர் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே ஆல்ஸ்மீர் என்னும் ஊரின் மலர் ஏலக்கூடத்துக்குப் போனால், பார்வையாளர் மாடத்தில் நின்று பூக்களின் நிறத்தை வியந்து திரும்ப மாட்டார். அங்கே ஏலம் கீழிருந்து மேலே ஏறாமல், கடிகார முள் உயர்ந்த விலையிலிருந்து இறங்கிக்கொண்டே வர, முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்குச் சொந்தமாகிறது. தீர்ந்த விலை அக்கணமே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பின்னால் குறைத்துப் பேச வழியில்லை. இதைவிட முக்கியமான ஒரு சங்கதி கண்ணுக்குத் தென்படாது, கேட்டால்தான் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் ஏலத்தை ஏற்படுத்தியவர்கள் பூ வளர்ப்பவர்கள்; இன்றும் அந்த ஸ்தாபனம் அவர்களுடைய கூட்டுறவே. நம் சேகோ சங்கமோ ஆலைக்காரரின் கூட்டுறவு; கிழங்கு வளர்ப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். ஏலக்கூடம் யாருடைய சொத்தாக இருந்தால் விலை யார் பக்கம் சாயும் என்ற பொருளாதாரப் பாடத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக நடத்தாது.

இரண்டாவது, கழிவும் கேடும். மரவள்ளி மாவை உலகச் சந்தைக்கு மிகுதியாக அனுப்பும் தேசம் தாய்லாந்து. அதன் வடகிழக்கே நக்கோன் ராட்சசீமா வட்டாரம் அத்தொழிலின் மையங்களில் ஒன்று. பாங்காக் நகரத்துக் கடைவீதிகளை நன்கறிந்து திரும்பும் சேலத்து மாணவர், சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள, தம் ஊர்த் தொழிலின் மிகப் பெரிய போட்டியாளரைப் பார்க்காமலே வந்துவிடுகிறார். நம் ஆலைகளை அடுத்துள்ள ஊர்கள் கழிவுநீர் பற்றி நெடுநாளாக முறையிட்டு வருகின்றன. அதே நாற்றமுள்ள கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து, மாவு உலர்த்தும் அடுப்புக்கே அதைக் கொடுக்கும் வழக்கம் தாய்லாந்து ஆலைகளில் பரவலாக வேரூன்றிவிட்டது. சேலத்திலும் சில ஆலைகள் அவ்வழியை மேற்கொண்டிருக்க, மற்றவை ஏன் தயங்குகின்றன, அதற்கு எவ்வளவு முதல் வேண்டும், அது எத்தனை ஆண்டில் திரும்பும், எவ்வளவு பெரிய ஆலைக்குக் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டு வருவது வணிக மாணவருக்கே உரிய வேலை.

வயலையும் அவர் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2008இல் தாய்லாந்தில் தோன்றி விளைச்சலைச் சூறையாடியபோது, ஆப்பிரிக்காவில் முன்பே பலன் தந்திருந்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து அதை அடக்கினார்கள். 2020இல் கேரளத்தில் தென்பட்ட அப்பூச்சி விரைவில் நம் வட்டாரத்துக் கிழங்கு வயல்களையும் பிடித்துக்கொண்டது. பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தார் பெனினிலிருந்தே தருவித்த அதே குளவி, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடுவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தாய்லாந்தில் நேர்ந்ததை நம்மவர் யாராவது கூர்ந்து கவனித்து வந்து சொல்லியிருந்தால், பூச்சி வருவதற்கு முன்பே ஆலைக்காரரும் குடியானவரும் ஒருவாறு ஆயத்தமாக இருந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, தூரம். நாமக்கல் முட்டை தூத்துக்குடி, கொச்சித் துறைமுகங்களின் வழியே குளிர்ப்பெட்டியில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. துபாய்க்குச் செல்லும் நாமக்கல் மாணவர் உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் ஏறி நிற்பதோடு, தம் தாலுகாவின் முட்டை அங்கே எந்தக் கடையில், எந்த நாட்டு முட்டைக்குப் பக்கத்தில், எந்த விலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தால் சர்வதேச வர்த்தகம் என்ற பாடத்தின் சாரம் முழுவதும் கையகப்படும். இரு நாடுகளுக்கு இடையே மைல் கணக்கான தூரம் மட்டுமின்றி, பண்பாடு, அரசாங்க விதி, செல்வ நிலை ஆகியவற்றின் தூரங்களும் உண்டு என்று பங்கஜ் கேமாவத் 2001இல் எழுதிய கட்டுரை வணிகக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கப்படுகிறது. அதை விளக்க நாமக்கல்லைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டவுடன், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாமக்கல் பண்ணையாளருக்கும் ஏற்றுமதிக் கதவு அடைபட்டது. இறக்குமதி செய்யும் அரசாங்கத்தின் கண்ணுக்கு நவாப்பூரும் நாமக்கல்லும் இந்தியா என்ற ஒரே புள்ளி. நோயற்ற பண்ணைத் தொகுதிகளைத் தனித்தனியே அங்கீகரிக்கும் முறையின்கீழ் 2023இல் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களின் 26 தொகுதிகளுக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது, அரசாங்க விதியின் தூரத்தைச் சுருக்குவதற்கு மேற்கொண்ட முயற்சியே. இதை அறிந்து செல்பவர் துபாய் அதிகாரியிடம் கேட்கும் கேள்வியும், அறியாது செல்பவர் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இரா.

ஓர் ஆட்சேபம்

இவ்வளவு கடுமையான நிபந்தனைகளை விதிப்பது நியாயமா என்று கேட்பவர் இருப்பர். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்த ஒரு பெண், விமான நிலையத்தின் ஒழுங்குகளைத் தானே கடந்து, அறியாத மொழியில் வழி கேட்டு, அந்நிய நாணயத்தைக் கணக்கிட்டுச் செலவழித்து, பத்திரமாக ஊர் திரும்புவதே ஒரு பெரிய கல்வியல்லவா என்று அவர்கள் கேட்பது முற்றிலும் சரி. அந்தத் துணிவு பிற்காலத்தில் அவளை ஓர் ஏற்றுமதியாளராக்கக்கூடும். வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு புதிய மதிப்பையும் தேடித் தரும். இப்பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இது எந்தப் பயணத்திலும், உல்லாசப் பயணத்திலும்கூட, கிடைக்கக்கூடியது. வணிகக் கல்வி என்ற பெயரால் கல்லூரி கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்லும்போது, அந்தப் பெயருக்கு உரிய பயனையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

வேறோர் எதிர்வாதமும் உண்டு. அயல்நாட்டில் கண்டதையெல்லாம் நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கும் மனப்பான்மை, மாணவரைக் குறுகிய பிரயோசனவாதிகளாக ஆக்கிவிடும் என்பது அது. சுந்தரத்தின் உதாரணமே இதற்குப் பதில். தறியை அறிந்து சென்றவர் தறிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கவில்லை. ஒன்றை ஆழ அறிந்த மனமே அதன் முறையை மற்றொன்றுக்கு மாற்றும் சக்தி பெறுகிறது. எதையும் ஆழ அறியாதவருக்கு விசாலமான பார்வை என்பது, அகலமான ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் போன்றதே.

செய்யத்தக்கது

ஆகவே, ஏற்பாட்டில் மாற்றம் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. புறப்படுவதற்கு முந்திய பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் உள்ளூர்த் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதன் கணக்கை ஆதியோடந்தமாகக் கற்க வேண்டும்: கிழங்கு வண்டி ஆலை வாசலில் நுழைவது முதல் ஜவ்வரிசி மூட்டை டெண்டரில் விற்பது வரை, அல்லது கோழிக்குஞ்சு வாங்குவது முதல் முட்டை துறைமுகம் சேர்வது வரை. ஆண்டில் பெரும்பகுதியை வெளி மாநிலங்களில் கழித்து, சிலர் ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்று துளையிட்டு வந்திருக்கும் திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளரையும் முதலாளிகளையும் வகுப்புக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். பாறையின் தன்மை, டீசல் செலவு, அந்நிய ஊரில் கடன் வசூலிக்கும் தந்திரம் ஆகியவற்றில் அவர்களுக்குள்ள அனுபவம், புத்தகப் படிப்பாளருக்குக் கிட்டாத கல்வி. மாணவரின் கேள்வி இந்தப் பருவத்தின் முடிவில் எழுத்தில் வந்துவிட வேண்டும். செல்லும் தேசமும் பார்க்கும் இடமும் அக்கேள்வியை ஒட்டி நிர்ணயமாக வேண்டுமேயன்றி, பயண முகவரின் அட்டவணையை ஒட்டி நிர்ணயமாகலாகாது.

பயணத்தின்போது பார்க்கும் இடங்களைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு மாலையும் அன்று கண்டதைப் பற்றி ஆசிரியர் முன்னிலையில் விவாதிக்க நேரம் ஒதுக்க வேண்டும். இந்தப் பொறுப்புக்கு வரும் ஆசிரியர் மாணவரின் கடவுச்சீட்டுகளைப் பாதுகாப்பவராக மட்டும் இருந்தால் போதாது. அத்தொழிலையும் அத்தேசத்தையும் முன்பே படித்தவராக இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, ஆலைச் சங்கத்தாரும் பண்ணையாளரும் கூடிய சபையில் படிக்கப்பட வேண்டும். இவாகுரா குழுவினர் தம் அறிக்கையை நாட்டு மக்களின் கையில் கொடுத்ததை ஒத்தது இது. தொழிலில் ஊறியவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விக்கு மாணவர் நின்று பதில் சொல்வதே உண்மையான பரீட்சை; மதிப்பெண் போடும் உரிமையில் ஒரு பங்கை அவர்களுக்கே கொடுத்தாலும் தவறில்லை. 1943இல் வியாபாரியும் பினாங்கு கண்டவரும் மெக்கானிக்கும் தற்செயலாகச் சந்தித்தார்கள். கல்லூரி அந்தத் தற்செயலை ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடாக ஆக்க முடியும்.

எல்லோரையும் ஒரே ஆண்டில் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. ஒரு டன் கிழங்குக்கு நேற்று என்ன விலை தீர்ந்தது, அதை யார் எவ்வாறு தீர்த்தார்கள், அந்த விலையில் குடியானவருக்கு என்ன மிஞ்சிற்று, அல்லது ஒரு முட்டைக்கு அறிவித்த விலைக்கும் கையில் வந்த விலைக்கும் எத்தனை காசு வித்தியாசம், அது ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டும் மாணவருக்கு இவ்வாண்டே விமானச் சீட்டு வாங்கலாம். எழுத இயலாதவர் அடுத்த ஆண்டு போகட்டும். அதுவரை அவருக்கு இராசிபுரமே போதுமான வெளியூர்.